அரைக்காத கசகசா

யூத குருவாகிய ரபியின் வேலைக்கு வேதம் படித்தால் மட்டும் போதாது, எதையும் செரிக்கிற வயிறும் வேண்டும். இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. புளித்த மாவே வீட்டில் இருக்கக் கூடாத பாஸ்கா பண்டிகை வந்தால் அலமாரி மூலையில் அகப்பட்ட ரொட்டித் துணுக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார்கள். கூடாரப் பண்டிகைக்கு மழை பெய்தால் நான்தான் பெய்ய வைத்த மாதிரி கோபித்துக்கொள்வார்கள். பூரிம் பண்டிகை வந்தால் ஊரே பலகாரம் செய்து அனுப்பும். மிஷ்கோல்ட்ஸ் ஊரில் யூதர்கள் நாங்கள் இருப்பது ஒரு கைப்பிடிப் பேர். வந்து சேரும் டப்பாக்களைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

அந்தக் கைப்பிடியில் ஜெபத்துக்கு வரும் ஆண்கள் என்னையும் சேர்த்துப் பத்தே பேர். ஒருவர் குறைந்தாலும் சபையாக ஜெபிக்க முடியாது. மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் எங்களுக்கு ஆகாது. அதனால் பத்துச் சொல் உள்ள ஒரு ஜெப வரியைச் சொல்லி, ஆளுக்கொரு சொல்லாகக் கணக்குப் பார்ப்பேன். கடைசிச் சொல் எப்போதும் எர்வின் ஃப்ளைஷ்லுக்குத்தான். ஊர்க் கடிகாரங்களை எல்லாம் பழுது பார்க்கிறவர், ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

பூரிம் அன்று காலை எஸ்தரின் கதையை வாசித்து முடித்திருந்தேன். அந்தக் கதையின் வில்லன் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் எல்லோரும் தரையை உதைத்துக் கூச்சல் போட்டதில் என் காது அடைத்துப் போயிருந்தது. அப்போது எர்வின் ஒரு தகர டப்பாவை என் கையில் திணித்தார். நீலக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"என்னய்யா இது, செங்கல்லா?"

"ஃப்ளோத்னி. நானே செஞ்சேன். பிரோஷ்காகிட்ட கொடுத்துடுங்க ரபி. இன்னிக்கு ஆள் மூலமா அனுப்புறதுதானே முறை?"

கசகசா, ஆப்பிள், அக்ரூட், பிளம் ஜாம் என்று நாலு அடுக்கு வைத்துச் சுடுகிற ஃப்ளோத்னியில் பிரோஷ்காவை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. அவருக்கே ஃப்ளோத்னி அனுப்ப வேண்டுமானால் அசட்டுத்தனம் வேண்டும், இல்லை காதல் வேண்டும். எர்வினிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. பிரோஷ்கா கணவரை இழந்தவர், பொத்தான் கடை நடத்துகிறார். எர்வின் வாராவாரம் அங்கே போய்ப் பொத்தான் வாங்குவார். அவரிடம் இருப்பதோ மூன்று சட்டை.

"அவங்க சாப்பிட்டா சந்தோஷம். திருப்பி அனுப்பிட்டா புரிஞ்சுக்குவேன்," என்றார். "வியன்னாவுல அக்கா வீட்டுக்கு நாளைக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். போனா போனதுதான். அந்தக் கடையைத் தாண்டித் தினமும் நடக்க என்னால ஆகாது ரபி."

எர்வின் போனால் நாங்கள் ஒன்பது பேர்.

பிரோஷ்காவிடம் டப்பாவை நீட்டி, "எர்வின் தன் கையாலேயே செஞ்சதாம்," என்று அழுத்திச் சொன்னேன்.

அவர் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "தெரியுது," என்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

சாயங்கால விருந்துக்கு நான் ரயில் டிக்கெட் பரிசோதகர் வேஷம். பூரிமுக்கு வேஷம் கட்டாவிட்டால் என் மனைவி எடித் விடமாட்டாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பிரோஷ்கா வாசலில் வந்து நின்றார்.

"இதை எர்வின்கிட்ட சேர்த்துடுங்க."

அதே டப்பா. அதே நீலக் கயிறு, அதே முடிச்சு. எடையும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தெருமுனைக்குப் போய்விட்டார்.

வந்த பலகாரத்தை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவது எங்களுக்குள் சகஜம். எடித் காலையில் அனுப்பிய கேக்கை மாலையில் நானே இன்னொரு வீட்டில் தின்றிருக்கிறேன். ஆனால் செய்தவனுக்கே திருப்பி அனுப்பிய கல்நெஞ்சை அன்றுதான் பார்த்தேன்.

விருந்துக் கூடத்தில் டப்பாவைக் கொடுத்தபோது எர்வினை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் முடிச்சைத் தடவினார். "புரிஞ்சுது ரபி," என்று சொல்லி அதை நாற்காலிக்குக் கீழே வைத்தார். எதிர் வரிசையில் பிரோஷ்கா தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்வதையும் செய்துவிட்டு வேடிக்கை வேறு பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரம். மேஜைமேல் பலகாரம் தீர்ந்துவிட்டது. எடித்துக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

"ஏன் எர்வின், காலடியில டப்பாவை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? சரியான கருமி!"

"வேண்டாம் எடித்," என்று நான் எழுந்தேன். அதற்குள் அவள் கத்தியால் கயிற்றை அறுத்து மூடியைத் திறந்துவிட்டாள்.

உள்ளே ஃப்ளோத்னி இல்லை. கசகசா அரைக்கிற இரும்பு மெஷின் இருந்தது, கையால் சுற்றுகிற வகை. பிரோஷ்கா சமையலறையின் மெஷின். யார் கேட்டாலும் இரவல் தரமாட்டார். எடித் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

"கசகசாவை அரைச்சுப் போடணும்னு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?" என்றார் பிரோஷ்கா. "மத்தியானத்துலேருந்து பல்லைக் குத்திக்கிட்டு இருக்கேன்."

எர்வின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சா... சாப்பிட்டீங்களா?"

"பாதிதான் முடிஞ்சுது. மீதி நாளைக்கு." அவர் முகம் சிவந்துவிட்டது. "திறப்பீங்க, திறப்பீங்கன்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன். நீங்க என்னடான்னா அதைக் காலடியில போட்டுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க!"

எர்வின் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் நான் ரபி. சட்டம் பேசாமல் இருக்க முடியுமா?

"பிரோஷ்கா, இது செல்லாது. பூரிமுக்கு அனுப்புறது வாங்கின உடனே வாயில போடுற பண்டமா இருக்கணும். இரும்பை எப்படிக் கடிக்கிறது?"

"செஞ்சு கொடுக்கலாம்தான் ரபி. அரைக்கிற மெஷின்தான் அவர் வீட்டுக்குப் போயிடுச்சே! இனிமே ஃப்ளோத்னி வேணும்னா நான் அங்க போய்த்தான் செய்யணும்."

ஆமான் பெயருக்குக்கூட அப்படி ஒரு கூச்சல் எழுந்ததில்லை. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எர்வின் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"டிக்கெட்டை எடு."

அவர் ஒவ்வொரு பையாகத் துழாவினார். தரையெல்லாம் பொத்தான் உருண்டது. கடைசியில் வந்த வியன்னா டிக்கெட்டை வாங்கி நாலாகக் கிழித்தேன். பரிசோதகர் அப்படிச் செய்யக் கூடாதுதான்.

மறுநாள் மாலை ஜெபத்துக்கு நின்றோம். ஒவ்வொரு தலையாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது சொல்லோடு ஆள் தீர்ந்துவிட்டது. ஒரு டிக்கெட்டைக் கிழித்தால் இன்னொன்று வாங்க முடியாதா என்ன? வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

கதவு திறந்தது. எர்வின் மூச்சிரைக்க வந்து நின்று இளித்தார். பல் இடுக்கெல்லாம் கறுப்புக் கசகசா.

"மன்னிச்சுக்குங்க ரபி. அரைச்சுக்கிட்டு இருந்தோம்."

கடைசிச் சொல்லைச் சத்தமாகவே சொன்னேன்.