முதல் கோடு வரைக்கும்

என் கொழுந்தன் லுட்விக்கின் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் புருஷன் ஸ்லாவ்கோ இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனேன். அவர் போனபிறகு அந்தச் சிரமம் எதற்கு?

மழை விழ விழ உறைந்த அந்தக் குளிர்காலத்தில், பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் சரிவெங்கும் மரங்கள் சாய்ந்தன. எங்கள் இரண்டு நிலங்களின் எல்லையில் நின்ற, பீச் என்ற பெரிய காட்டுமரமும் விழுந்தது. வேர் என் நிலத்தில், தலை லுட்விக் நிலத்தில். வேர் யாருடையதோ மரம் அவர்களுடையது என்றேன் நான். என் மண்ணில் விழுந்தது எனக்குத்தான் என்றான் அவன்.

எனக்கு அந்த மரம் வேண்டும். கட்டைகளில் சிப்பிக் காளான் வளர்த்து, செர்க்னிட்சா சந்தையில் விற்றுத்தான் என் அடுப்பு எரிகிறது. சின்னக் கட்டைகள் சீக்கிரம் சக்கையாகிவிடும், மறுபடி மறுபடி புதுக்கட்டை தூக்கி என் இடுப்பு போய்விட்டது. அந்த அடிமரம் முழுக்க என் காளான் ஏறினால் பல வருஷம் உட்கார்ந்தபடி பறிக்கலாம். லுட்விக் மரத்தில் கிண்ணம் கடைந்து விற்பவன். இரண்டு பூஞ்சைகள் மரத்துக்குள் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஒவ்வொன்றும் மற்றது உள்ளே வராதபடி கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளும். அந்தக் கோடு ஓடிய கிண்ணம் என்றால் நகரத்துக்காரர்களுக்கு உயிர்.

சாராயக்கடையில் நாங்கள் கத்தியதைக் கேட்டு வனக்காவலர் ஹூபெர்ட் மேசையைத் தட்டினார்.

"அட, நிறுத்துங்க! மரம் கிடக்கிற இடத்துலயே கிடக்கட்டும். ஆல்பினா, நீ வேர்ப்பக்கம் உன் காளானை ஏத்து. லுட்விக், நீ தலைப்பக்கம் உன் எழவை ஏத்து. எங்க முட்டிக்கிட்டுக் கோடு விழுதோ, அங்க நான் அறுத்துத் தரேன். இப்ப என்னைக் குடிக்க விடுங்க."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

"எந்தக் கோடு, அண்ணி? நூறு கோடு வருமே," என்றான் லுட்விக்.

"நீ ஏத்தறது பல காட்டுப் பூஞ்சை, அந்தக் கந்தலெல்லாம் உன் பக்கம்டா. என் பக்கம் ஒரே காளான், ஒரு கோடும் இருக்காது. வேர்ப்பக்கத்துல இருந்து முதல் கோடு வரைக்கும் என்னுது. அதுக்கப்புறம் ஒரு விரக்கடை கேட்டா என்னைச் செருப்பால அடி."

கடை முழுக்கச் சாட்சி. கை குலுக்கினோம்.

நான் மரத்தில் துளை போட்டு, காளான் வித்து ஏறிய சின்ன மரக்குச்சி முளைகளை அடித்து, மெழுகு பூசினேன். அவன் தலைப்பக்கத்தில், விசிறி விசிறியாகக் காட்டுப் பூஞ்சை பூத்த மக்கிய கிளைகளைக் கொண்டுவந்து குவித்தான். அடுத்த வருஷம் முழுக்க, எல்லையில் என்னைக் கண்டாலே அவனுக்கு வாய் நமநமக்கும்.

"என்ன அண்ணி, உங்க காளானுக்குச் சளி பிடிச்சிருச்சா? என் ஆளுங்க பாதி மரம் தாண்டிட்டாங்க."

"போடா, பொறுக்கி."

"ஒரு படை பத்தாது அண்ணி. இன்னொரு படை இறக்குங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குத் தூக்கம் போயிற்று. நாட்டு எல்லை தாண்டி ட்ரியெஸ்ட் நகரத்துக்குப் போய், வேகமாகப் பரவும் என்று கடைக்காரன் சத்தியம் செய்த வேறொரு ரகச் சிப்பிக் காளான் முளைகளை வாங்கிவந்தேன். பழைய துளைகளுக்கு நடுவிலெல்லாம் புதுத்துளை போட்டேன். வேர்ப்பக்கத்தையும் விடவில்லை. இனி வாடா பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டு அடித்தேன்.

இன்னொரு வருஷம் கழித்து ஹூபெர்ட் வந்தார். மரத்தை நீளவாக்கில் அறுத்து, ஆப்பு வைத்துப் பிளந்தார். சாராயக்கடைக் கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

லுட்விக்கின் பூஞ்சை தலைப்பக்கத்தில் கால்வாசிகூட வந்திருக்கவில்லை. மற்றதெல்லாம் வெளுத்து, மெத்தென்று, சிப்பிக் காளான் வாசனை அடித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்போதுதான் ஹூபெர்ட் வேர்ப்பக்கம் குனிந்தார். அடியிலிருந்து ஒரு முழத்தில், மை போல ஒரு கோடு. அதைத் தாண்டி இன்னொன்று. அதற்கப்புறமும்.

"இது எப்படி வரும்?" என்று கத்தினேன். "அவனோட பூஞ்சை அங்க கிடக்குதே! கோட்டுக்கு ரெண்டு பக்கமும் என் காளான்தான்!"

"வேற வேற ரகமா ஏத்துனியா?" என்றார் ஹூபெர்ட்.

நான் பழைய துளைகளையும் புதுத்துளைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அதான். ஒரே காளான்னாலும் வேற ரகம்னா சேராதும்மா. ரெண்டும் ஒண்ணையொண்ணு வேலி போட்டு அடைச்சிருச்சு."

லுட்விக் மெதுவாக வந்து, கோட்டின் மேல் விரல் வைத்தான். "அதுவரைக்கும் உங்களுக்கு, அண்ணி. செருப்பு நான் போட்டுத்தான் வந்திருக்கேன்."

கூட்டம் சிரித்தது. ஹூபெர்ட் என் முகத்தைப் பார்க்காமல் அறுத்தார்.

எனக்குக் கிடைத்த துண்டில் ஒரு முக்காலிகூடச் செய்ய முடியாது. அவனுக்கும் ஒன்றும் உதவவில்லை. என் காளான் தின்ற மரம் கடைசல் இயந்திரத்தில் வைத்ததும் உதிர்ந்துபோனது. முற்றத்தில் அப்படியே போட்டுவிட்டான். இலையுதிர்காலத்தில் அதன்மேல் என் காளான்கள் கொத்துக்கொத்தாய்ப் பூக்கின்றன. காலையில் வெளியே வருகிறான், என் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறான், பூட்ஸ் காலால் ஒவ்வொரு கொத்தாக மிதிக்கிறான்.

போன வாரம் அவன் மனைவி வேலியோரம் வந்து, "வேணும்னா அந்த மரத்தை எடுத்துட்டுப் போயிடுங்க அக்கா, எங்களுக்கு எதுக்கு இது?" என்றாள்.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

வேண்டும். வயிறு எரிகிறது, அவ்வளவு வேண்டும். நான் வாங்க மாட்டேன் என்று தெரிந்துதான் அவளை அனுப்பியிருக்கிறான்.