ஆசை காட்டியவர்கள்

"என்டைஸ்" என்ற வார்த்தையைச் சொல்லும்போது வக்கீல் பட்டாபி அய்யரின் வாயிலிருந்து ஒரு பாக்குத் துணுக்கு தெறித்து என் பாவாடையில் விழுந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை. அந்நிய ஆண்களுக்கு முன்னால் கையைக்கூட அசைக்கக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் புருஷன் சாம்பசிவன் அத்திம்பேர் ஜன்னலோரம் நின்று வஞ்சியூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் போட்ட கேசுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாததுபோல.

"ஃபோர்த் பாரம் வரைக்கும் படிச்சவளாச்சே. அர்த்தம் தெரியுமோடி நோக்கு?" என்று வக்கீல் கேட்டார்.

தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பள்ளிக்கூடத்திலும் எனக்கு அப்படித்தான். விடை தெரிந்த கேள்விக்கு எழுந்து நிற்பேன், நின்றுகொண்டே இருப்பேன், டீச்சர் சலித்துப்போய் உட்காரச் சொல்லுவாள். வயதுக்கு வந்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். நான் வராததை வகுப்பில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"கையைப் பிடிச்சு இழுத்துண்டு போனா அது வேற குத்தம். இது அப்படியில்லையாக்கும். ஆசை காட்டறது. அவளே எழுந்து வர மாதிரி பண்றது. தூண்டில்காரன் தண்ணிக்குள்ள எறங்கியா மீனைப் பிடிக்கறான்? புழுவைக் குத்திப் போட்டுட்டுக் கரையில சும்மா உக்காந்திருக்கான். மீன் தானா வரது. ஆனாலும் குத்தம் மீனோடதில்லை, கேட்டயா? மீனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என் அக்கா சரோஜம் மீன் ஆனதில் அப்பாவுக்கு ஒரு நிம்மதி இருந்தது. மீன் என்றால் மன்னித்துவிடலாம்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தம்பானூரில் ரயிலேறி மதராசுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை. ஆரியசாலையில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கிற சத்தியநேசன் என்கிற கிறிஸ்தவர்தான் அவளை ஆசை காட்டிக் கிளப்பிவிட்டார் என்று அத்திம்பேர் கோர்ட்டில் கேசு போட்டிருந்தார். ருசுவானால் அவருக்கு ஜெயில். ருசு செய்ய வேண்டியவள் நான். தினமும் சாயங்காலம் அக்காவுக்குத் துணையாக அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

அத்திம்பேரின் வீடு கோட்டைக்குள் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி. இரண்டு வருஷம் முன்னால், இன்னும் ஒன்றும் பிறக்கவில்லை என்று அவர் அம்மா சொல்ல, அக்காவைப் பெட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். பிறகு பார்க்கவே இல்லை. ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். குடையை எங்கள் பக்கமாகச் சாய்த்துக்கொள்வார், வெயில் எதிர்ப்பக்கம் அடித்தாலும். அக்கா உள்ளேயிருந்து அந்தக் குடையைப் பார்ப்பாள். ஒருநாள் பார்ப்பதை நிறுத்திவிட்டு, டைப்ரைட்டிங் படிக்கப்போகிறேன் என்றாள். ஆபீஸ் காரியம் தெரிந்த பெண்டாட்டி என்றால் அவருக்கும் பிடிக்கும் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். நாகுவும் கூடப் போகட்டும் என்றார் அப்பா. நாகு என்கிற நாகலக்ஷ்மி நான்தான்.

வகுப்பு ஒரு மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில். மூட்டை இறக்குகிற நாட்களில் எல்லோரும் தும்மிக்கொண்டே டைப் அடிப்பார்கள். சத்தியநேசன் முழங்கை தேய்ந்த கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மிஷின்களுக்கு நடுவே நடப்பார். தெற்கே நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர். அக்காவை அவர் பாராட்டி நான் கேட்டதே இல்லை. "ஏ பிள்ளே, அது என்ன உலக்கையா? மெள்ளத் தட்டு. எழுத்து ஒடஞ்சா ஆரு தருவா, ஒனக்க அப்பனா?" என்று முதல் நாளே கத்தினார். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அக்கா சிரித்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் எதையும் நேராகச் சொல்வதில்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் சொல்லுவார்கள். ஒரு மனுஷர் முகத்தைப் பார்த்துத் திட்டியது அவளுக்கு மழை பெய்தமாதிரி இருந்திருக்க வேண்டும்.

"பிஸ்கட் குடுத்தான்னு கேள்வி. கிறிஸ்மஸுக்கு" என்றார் வக்கீல்.

தலையை ஆட்டினேன். டப்பா எல்லோருக்கும்தான் சுற்றி வந்தது.

"அதுதான் புழு!" என்று மேஜையைத் தட்டினார். "பிராமணப் பொண்ணுக்கு முட்டை போட்ட பிஸ்கட்டைக் குடுத்து, கொஞ்சங்கொஞ்சமா ஆசாரத்தைக் கலைச்சு, வீடு வேண்டாம்னு தோண வெச்சு... மேஜிஸ்ட்ரேட்டுக்கு இது போறும். நீ மூணே வார்த்தை சொன்னா மதி, அவ்வளவுதான். பிஸ்கட் குடுத்தான். மதராசுல ராணி மாதிரி இருக்கலாம்னு சொன்னான். ஞாயித்துக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னான். என்ன?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தியநேசன் தன் ஊரில் சர்ச்சில் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வக்கீலுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் அத்திம்பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அம்மா அவசரமாகக் காப்பி போட்டாள். அவர் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, அதுவரை நான் கேட்டிராத மெதுவான குரலில் பேசினார்.

"நாகு, பள்ளிக்கூடம் திறக்கப் போறதாக்கும். அப்பாகிட்ட பேசியாச்சு. உன்னை ஃபிஃப்த் பாரத்துல சேத்துவிடறேன். புஸ்தகம், ஃபீஸ் எல்லாம் என் பொறுப்பு. உன்னை மாதிரி கெட்டிக்காரப் பொண்ணு அடுக்களையில கெடக்கப்படாது. அன்னிக்குக் கோர்ட்டுல மட்டும் பயப்படாம சொல்லிடு."

ஃபோர்த் பாரத்தில் பாதியில் விட்ட இங்கிலீஷ் பாடம் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதுகூட எனக்கு நினைவிருந்தது. மத்தியானம் தெருவில் பெண்கள் பள்ளிவிட்டு வரும் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அத்திம்பேர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் நான் மனசுக்குள் புஸ்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டேன். அப்புறம் ஒரு வாரம், தேங்காய் துருவும்போதெல்லாம் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். அதிசயம், குரல் வந்தது. பிஸ்கட் கொடுத்தான். ராணி மாதிரி இருக்கலாம் என்றான். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னான். வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நன்னா சொல்றயே" என்றாள். இரண்டு வருஷத்தில் அம்மா என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் பரணிலிருந்து மாவடு ஜாடியை இறக்கியபோதுதான் ஒன்று நினைவு வந்தது. எங்கள் வீட்டு ஜாடி இல்லை, அத்திம்பேர் வீட்டில் பார்த்த ஜாடி. அக்கா கல்யாணமாகிப் போன மாசத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் மாமியார் ஊறுகாய் ஜாடிக்கு ஒரு கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி மூடி போட்டிருந்தாள். அட்டையில் ஆப்பிரிக்காவில் பாதி இருந்தது. அக்காவின் பூகோளப் புஸ்தகம். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் கூடத்தில் இதே ஊஞ்சலில் உட்கார்ந்து, இதே மெதுவான குரலில், "படிப்பை நிறுத்த வேண்டாம். சிக்ஸ்த் பாரம் முடிக்கட்டும். புஸ்தகமெல்லாம் என் பொறுப்பு" என்று அத்திம்பேர்தான் சொன்னார். அக்கா அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் என் கையை நசுக்கிவிட்டாள், அத்தனை சந்தோஷம். அதற்குமுன் வந்த இரண்டு பேரை வேண்டாம் என்று அழுதவள் இவருக்குத் தலையாட்டினாள்.

ஜாடியைப் பிடித்தபடியே நின்றேன். வக்கீல் சொன்ன அர்த்தத்தில் ஒன்று தப்பு. மீனுக்கு ஒன்றும் தெரியாது என்றாரே, அது. மீனுக்குப் பசி தெரியும். இந்த மனுஷருக்கும் எங்கள் இரண்டு பேரின் பசி என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது. பட்டுப்பாவாடை காட்டியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன்.

கோர்ட்டில் நான் நினைத்ததைவிட வெளிச்சம் அதிகம். சத்தியநேசன் அதே கோட்டோடு நின்றிருந்தார். மிளகாய் மண்டிக்கு மேல் நடமாடும்போது பெரிய ஆள் போலிருந்தவர் அங்கே சிறுத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்து ஜாடை எதுவும் காட்டவில்லை. மேஜிஸ்ட்ரேட் வயதான நாயர். சத்தியம் வாங்கியபோது என் உதடு அசைந்ததை மட்டும் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா மோளே, உறக்கெப் பறயணம்" என்றார். பயப்படாதே, உரக்கச் சொல்லு என்று என்னிடம் இதுவரை யாரும் இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்லை.

பட்டாபி அய்யர் எழுந்தார். "உன் அக்காகிட்ட இந்தாள் ஆசை வார்த்தை பேசினது உண்டோ?"

துருவிய தேங்காய் மாதிரி அந்த மூன்று வாக்கியங்களும் வாயில் தயாராக இருந்தன. விழுங்கினேன்.

"உலக்கையான்னு கேட்டார்" என்றேன்.

"என்னது?"

"மிஷினை ஓங்கித் தட்டினதுக்கு. எழுத்து ஒடஞ்சா ஒங்க அப்பனா தருவான்னு கேட்டார். தினமும் அதான் கேப்பார்."

பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. "பிஸ்கட்! பிஸ்கட் குடுத்தானா இல்லையா? அதைச் சொல்லு."

"குடுத்தார். எல்லாருக்கும். அக்கா தொடலை. நான் தின்னேன்." அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை. "ரெண்டு."

கோர்ட்டு சத்தமாகவே சிரித்தது. என் முகம் பற்றி எரிந்தது, ஆனால் குரல் அடைக்கவில்லை. மேஜிஸ்ட்ரேட் மட்டும் சிரிக்காமல் முன்னால் குனிந்தார். ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது ஆர் என்று அவருடைய மலையாளத்தில் கேட்டார்.

"ஆரும் கூட்டிண்டு போகலை. அக்கா முன்னால நடந்தா. நான் பெட்டியைத் தூக்கிண்டு பின்னால போனேன். கனமாக்கும். பழவங்காடியில கீழ வெச்சுட்டுத்தான் மறுபடி தூக்கினேன். திரும்பிப் போயிடலாமான்னு அங்க வெச்சு அக்கா கேட்டா. நடன்னு நான்தான் சொன்னேன்."

"யுவர் ஆனர், சின்னக் குட்டி, பயந்துபோய் என்னத்தையோ..." என்று வக்கீல் ஆரம்பித்தார். மேஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். அப்படியானால் ஆசை காட்டியவர் ஒருவரும் இல்லையா என்றார்.

"உண்டு" என்றேன்.

கையை அசைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். தூக்கி நீட்டினேன். "அதோ நிக்கற அத்திம்பேர். அக்காவைப் பாக்க வந்தப்போ படிக்க வைக்கறேன்னார். அவ நம்பிப் போனா. அவர் அம்மா அவ புஸ்தகத்தைக் கிழிச்சு ஊறுகாய்க்கு மூடி போட்டா. போன வாரம் எங்காத்துக்கு வந்து என்னையும் படிக்க வைக்கறேன்னார், இங்க வந்து இவா சொல்லிக் குடுத்ததை நான் சொன்னா. நேக்குப் படிக்கணும். ரொம்ப ஆசை. அந்த ஆசையிலதான் இந்தக் கூண்டுல ஏறி நிக்கறேன். இதுக்குச் சட்டத்துல என்ன பிரிவுன்னு நேக்குத் தெரியாது."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா எழுதுவதா வேண்டாமா என்று மேஜிஸ்ட்ரேட்டின் முகத்தைப் பார்த்தார். மேஜிஸ்ட்ரேட், "எழுதிக்கோ" என்றார். கேசை வேறொரு நாளுக்கு ஒத்திவைத்தார். அத்திம்பேரின் கழுத்து சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவான குரலெல்லாம் போய், "இனி அடுக்களைதாண்டி நோக்கு. சாகற வரைக்கும்" என்றார்.

"அது நேக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது வண்டி இல்லை. அப்பா அத்திம்பேரோடு ஏறிப் போய்விட்டார். படியில் நின்றேன். சத்தியநேசன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு எப்படிப் போவே பிள்ளே?" என்று கேட்டார்.

"நடந்து."

"கோட்டை வரைக்குமா? நான் கூட வரலாம். வந்தா அதுக்கும் ஒரு கேசு போடுவாவ." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அரிகு பாத்துப் போ. வண்டி வரும்."

துணையில்லாமல் நான் நடந்த முதல் ரோடு அது. ஜட்காக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கடையில் யாரோ என்னைப் பற்றித்தான் ஏதோ சொன்னார்கள். அவர் சொன்னபடி ஓரமாக நடக்கத் தொடங்கினேன், பிறகு ஓரத்தில் சாக்கடையாக இருந்ததால் நடுவுக்கு வந்தேன். வழி தெரியாத இடத்தில் ஒரு பூக்காரியிடம் கேட்டேன். என் குரலைக் கேட்டு அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, கையை நீட்டி வழி காட்டிவிட்டுத் தொடுப்பதைத் தொடர்ந்தாள்.

எனக்கு முன்னாலேயே சேதி தெருவுக்கு வந்திருந்தது. வாசல்களில் பேச்சு நின்றது. ஒருத்தி பேத்தியை உள்ளே இழுத்துக்கொண்டாள். தெரு நெடுக நடுவிலேயே நடந்து எங்கள் வாசலுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே கொல்லையில் அம்மா தண்ணீர் இறைக்கும் ராட்டினச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது. வாளி மேலேயும் வரவில்லை, கீழேயும் விழவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அம்மா நிற்கிறாள் என்று தெரிந்தது. நடுக்கிணற்றில் தொங்கும் வாளியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் வாசல்வரை கேட்பதுபோல் இருந்தது. மறுபடியும் தட்டினேன், இன்னும் பலமாக.