அலமாரியில் நிற்கும் கால்

அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என் காலுக்கு வழக்கம்போல ஒரு வணக்கம் வைத்தேன். இருநூற்றுப் பதினேழு என்ற சீட்டைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஏழு மாதமாக அங்கேதான் நிற்கிறது. வலது கால், முட்டிக்குக் கீழே உள்ளது. முட்டிக்கு மேலே உள்ள நான் வெளியே பெஞ்சில். நடுவில் ஒரு பூட்டு, ஒரு ஸ்டோர்காரம்மா, ஆயிரத்தெட்டுச் சான்றிதழ்.

செயற்கைக் கால் மாட்டும் இடத்தை இரண்டாவது மாடியில் வைத்த மகானை ஒருமுறை பார்த்துக் கும்பிட ஆசை. இங்கே லிஃப்ட் போன நூற்றாண்டில் ஒருநாள் ஓடியதாகச் செவிவழிச் செய்தி. நானோ முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கி, லட்சோப லட்சம் பேரை நோகாமல் மேலே அனுப்பிவைத்த புண்ணியவான். நாற்பத்திரண்டு படியையும் இப்போது உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறுகிறேன். ஊன்றுகோல்களோடு என் மனைவி பின்னால் வருவாள்.

"படியெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சுங்க. பெருக்குறவங்களுக்கு வேலை மிச்சம்."

சிரிப்பாள். ஆனால் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக என்னைத் தாங்கித் தாங்கி அவளுடைய இடது தோள் இறங்கிவிட்டது. ரவிக்கை அந்தப் பக்கம் நிற்பதே இல்லை. வைத்தியர் இனி எடை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கும் ஒரே எடை நான்தான்.

போன தடவை ஸ்டோர்காரம்மா சொன்னது இது: "ஐயா, கால் இல்லைங்கிற சான்றிதழ் ஆறு மாசம்தான் செல்லும். உங்களுது முடிஞ்சுபோச்சு."

"ஏம்மா, அதுக்குள்ள முளைச்சிருக்கும்னா?"

"முளைச்சிருந்தா எழுதிக் குடுங்க. பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுறேன்."

முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. புதுச் சான்றிதழுக்கு வேறு கட்டடம், வேறு கிழமை, வேறு வரிசை. அங்கே இருந்த டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "இன்னும் அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்படியேதான் இருக்கிறது டாக்டர், வஞ்சகமே இல்லை.

இன்று அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டோர்காரம்மா பூட்டைத் திறந்தார். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் கால் செய்கிற ஒரே ஆளான கால் மாஸ்டர், தூசியைத் துடைத்து மாட்டிவிட்டார். அண்டாவுக்குள் போட்ட கரண்டி மாதிரி உள்ளே கடகடவென்று ஆடியது.

"தசை வத்திடுச்சு, ஐயா. அச்சு எடுத்து மூணு மாசத்துல மாட்டியிருக்கணும். மறுபடி அச்சுதான்."

"எப்போப்பா?"

"அச்சு எடுக்கிற மாவு வரணுமே. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் வத்தும். அப்புறம்? கடைசியில ஒரு விரலுக்கு அச்சு எடுப்பீங்களா?"

அவர் பாவம், காலை மெல்லக் கழற்றினார்.

மனைவி பையைத் திறந்து, என் பழைய சீருடைக் காக்கிக் காலுறைகளைக் கொத்தாக வெளியே எடுத்தாள்.

"ஜோடி ஜோடியா வாங்கினதுல பாதி சும்மாதானே கிடக்குது? காட்டுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று என்று மிச்சக் காலின் மேல் ஏற்றி, செயற்கைக் காலை மாட்டி மாட்டிப் பார்த்தாள். ஐந்தாவதில் ஆட்டம் நின்றது.

"இது முறை இல்லம்மா," என்றார் கால் மாஸ்டர். "தோல் உரிஞ்சிடும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஸ்டோர்காரம்மா, நடைபழகும் கம்பிகளில் தான் காயப்போட்டிருந்த துண்டுகளை எடுத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். "பத்து அடி நடந்து காட்டணும். தடுமாறினா கால் அலமாரிக்குத்தான், ஐயா."

கம்பிகள் ஈரமாக இருந்தன. பிடித்துக்கொண்டு எழுந்தேன். கால் போனதிலிருந்து ஊன்றுகோலில் குனிந்தே திரிந்த எனக்கு, ஒன்றரை வருடம் கழித்து அறை அதன் சரியான உயரத்துக்கு இறங்கி வந்தது. மனைவியின் உச்சி வகிடு தெரிந்தது, நிறைய நரைத்திருந்தது. கம்பியின் அந்தக் கோடியில் நின்றாள். கையை நீட்டவில்லை. நீட்டினால் கணக்கில் சேராது என்று அவளுக்குத் தெரியும். உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன.

ஆறு அடி, ராஜநடை.

ஏழாவதில் உள்ளே ஏதோ மெல்ல வழுக்கியது. முட்டிக்கு அருகே ஒரு காக்கி முனை எட்டிப் பார்த்தது. ஸ்டோர்காரம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. இறங்கிய தோளோடு மனைவி என் முகத்தையே பார்த்தாள். நான் எட்டாவதுக்குக் காலைத் தூக்கினேன்.