மல்லாந்த செம்மறி

மகளும் மருமகனும் விடிந்ததும் பெரிய மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். கூடாரத்தில் மிஞ்சியது ஹேசலும் அவளுடைய சம்பந்தி டிலிஸும்தான். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இருவரும் தனியாகப் பத்து நிமிடம் பேசியதில்லை. கல்யாணக் கேக்கைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் வறண்டு போச்சு, இல்ல?" என்று டிலிஸ் சொன்னது ஹேசலுக்கு இன்னும் ஆறவில்லை. அதைச் சுட்டவள் ஹேசல்தான்.

நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குப் பயந்துதான், "பின்னாடி இருக்கிற குன்றுக்குப் போயிட்டு வருவோமா?" என்று கேட்டாள் ஹேசல்.

"அதுக்கா? மேப்புல பேரே போடலையே."

"பேரு இல்லாட்டி ஏற விடாதா?"

ஆட்டுத் தடம்தான் பாதை. எதிரே ஒரு ஆள்கூட வரவில்லை. இரவு மழையில் புல் ஊறிக் கிடந்தது. போன வருடம் ஆபரேஷனில் முட்டி மாற்றிய காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள் ஹேசல்.

"மெதுவா வாங்க. முட்டி புதுசு," என்றாள் டிலிஸ்.

"முட்டிதான் புதுசு. ஆள் பழசுதான்."

டிலிஸ் சிரித்தாள். அவள் சிரித்து ஹேசல் பார்த்தது அதுவே முதல் தடவை.

கற்சுவரைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் செம்மறி ஒன்று மல்லாந்து கிடந்தது. நான்கு கால்களும் வானத்தைப் பார்த்திருந்தன. நனைந்த ரோமத்தின் கனத்தில் புரள முடியவில்லை. இரண்டடி தள்ளிக் காக்கை ஒன்று பொறுமையாகக் காத்திருந்தது.

"செத்துருச்சா?" என்றாள் டிலிஸ்.

"இல்ல, கண்ணு அசையுது. இப்படியே விட்டா செத்துரும். பார்த்தா புரட்டி விடுங்கன்னு பண்ணைக்காரர் கேட்டுல எழுதி மாட்டியிருக்காரே. வாங்க, பிடிங்க."

"ஐயோ, நானா? நாயைக் கண்டாலே ஒதுங்கிப் போறவ நான்."

"என் முட்டிய வச்சுக்கிட்டுத் தனியா முடியாதுங்க."

டிலிஸ் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள். இருவரும் ரோமத்தில் விரல்களைப் புதைத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். மூன்றாவது தள்ளலில் ஆடு புரண்டது. எழுந்து, குடிகாரனைப்போல் தள்ளாடிச் சரியப் பார்த்தது. டிலிஸ் பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"விடாதீங்க! கால் மரத்திருக்கும்," என்று ஹேசல் மறுபக்கம் முட்டுக் கொடுத்தாள்.

கால் மணி நேரம் அப்படியே நின்றார்கள், நடுவில் ஆடு, இருபுறமும் சம்பந்திகள். ஈரக் கம்பளி வாடை மூக்கைத் துளைத்தது. ஆட்டின் நெஞ்சு படபடத்து, பிறகு அடங்கியது.

"அந்தக் கேக்கு," என்றாள் டிலிஸ், ஆட்டின் முதுகைப் பார்த்தபடி. "ஏன்தான் சொன்னேனோ. அன்னைக்கு எனக்கு ஒரே பயம். இருக்கிறது ஒத்தப் பையன். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"வறண்டுதான் போச்சு," என்றாள் ஹேசல். "அடுப்புல பத்து நிமிஷம் கூட வச்சுட்டேன்."

ஆடு திமிறிக்கொண்டு நாலடி நடந்தது. நின்று, நிதானமாக மூத்திரம் பெய்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்கிற கூட்டத்தை நோக்கிப் போனது.

"நன்றி கெட்ட கழுதை," என்றாள் டிலிஸ்.

உச்சியில் பெரிதாக ஒன்றுமில்லை. தட்டையான பாறை, காற்று, கீழே விரல்நுனி அளவில் அவர்களுடைய பச்சைக் கூடாரம். பாறையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார்கள். கோப்பை ஒன்றுதான் இருந்தது. டிலிஸ் ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள். ஹேசல் வாங்கிக்கொண்டாள்.