ஒன்றை அழுத்தவும்

கமலவேணிக்கு மெஷின் குரல் என்றாலே ஆகாது. கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். எதை அழுத்தினாலும் சுற்றிச் சுற்றி முதல் இடத்துக்கே கொண்டுவந்து விடும். "மனுசனே இல்லாத கம்பெனிக்கு மனுசனோட கஷ்டம் எப்படிடி தெரியும்?" என்று மகள் இளவரசியிடம் கேட்பாள். இளவரசி சிரிப்பாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்காரர்கள் தெருவில் அவர்களுக்கு வாடகை வீடு. அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது கமலவேணியின் வேலை. புருஷன் சிவராஜ் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடிப்பவர். "செய்யாறு, வந்தவாசி போறவங்கோ மூணாவது லைனுக்கு வாங்க. யம்மா, படியில நிக்காதே, உள்ள ஏறும்மா." இருபத்தாறு வருஷம் இதே வேலை. அவர் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் குரல் தெரியும். கொஞ்சம் கரகரப்பு, கடைசிச் சொல்லில் ஓர் இழுப்பு.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

இளவரசிதான் அந்த ஆப்பைக் கண்டுபிடித்தாள். மறுகுரல் என்று பெயர். முன்கூட்டியே நானூறு வாக்கியம் படித்துப் பதிவு செய்துவிட்டால், பிறகு போனில் எழுத எழுத அது அவர் குரலிலேயே பேசுமாம். காசு கிடையாதாம்.

"சும்மா எதுக்குக் குடுக்கறான்?" என்றாள் கமலவேணி.

"எல்லாத்துலயும் சந்தேகமா உனக்கு? நோயாளிங்களுக்காகப் பண்றாங்க."

போனில் இங்கிலீஷில் பக்கம் பக்கமாய் ஏதோ ஓடியது. அடியில் ஒரே ஒரு பொத்தான். "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சிச் சொல்லு" என்றாள். "இதையெல்லாம் யாருமே படிக்கமாட்டாங்கமா" என்றாள் மகள். போன் கமலவேணியின் கையில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த சிவராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

தறிச் சத்தம் கேட்டால் ஆப் பதிவை ஏற்கவில்லை. இரண்டு மத்தியானம் பக்கத்து வீட்டு பட்டம்மாள் தன் மூன்று தறிகளையும் நிறுத்தி வைத்தாள். வலியோடு, தண்ணீர் குடித்துக் குடித்து, சிவராஜ் நானூறையும் படித்து முடித்தார். "இந்த அரிய வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்" என்று ஒன்று வந்தது. ஊமையாகப் போகிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்லப் போகிறான் என்று கமலவேணி நினைத்தாள். கேட்டால் மறுபடி சந்தேகம் என்பார்கள். தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அடுப்படியில் நின்றிருந்தவளுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "வேணி, காப்பி போடறியா?"

அதே கரகரப்பு, அதே இழுப்பு. திரும்பினாள். மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட ஓட்டையோடு, கையில் போனோடு, வாசற்படியில் நின்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஏழு மாதம் அந்தக் குரல் வீட்டில் இருந்தது. கறிக்கடையில் பேரம் பேசியது. இளவரசி தன் மகளைக் கூட்டிவந்தால், பேத்திக்காகப் பஸ் அறிவித்தது. மெஷினைத் திட்டி வந்த கமலவேணியே ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுத்தாள். பட்டம்மாளிடம், "நான்தான் தப்பா நெனைச்சிட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள்கூட.

ஆடி மாதம் ஒரு காலையில் ஆப்பைத் திறந்தபோது வாழ்த்துமடல் போல ஓர் அறிவிப்பு வந்தது. தமிழில் போதிய பயனர்கள் இல்லாததால் தனிநபர் சேவை முப்பது நாளில் நிறைவு பெறுகிறது. உங்கள் பயணத்தில் எங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி.

இளவரசி மெயில் அனுப்பினாள். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று அரை நிமிஷத்தில் பதில் வந்தது. எட்டு மெயிலுக்கும் அதே பதில். ஒன்பதாவதற்கு வேறு மாதிரி வந்தது. குரல் பதிவுகள் ஒப்பந்தப்படி நிறுவனத்தின் உடைமை, அவற்றைத் திருப்பித் தர இயலாது.

கமலவேணி ஆப்பில் இருந்த விலாசத்தை எழுதி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிச் சென்னைக்கே போனாள். கண்ணாடிக் கட்டடம். காவலாளி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல இங்க யாரும் உக்கார்றதில்லமா. லெட்டர் மட்டும் வரும், எடுத்து வெப்போம்" என்றார். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினாள்.

முப்பதாவது நாள் சிவராஜ் அந்தப் போனைக் கீழேயே வைக்கவில்லை. எதையெதையோ எழுதிப் பேச வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், "வேணி, பக்கத்துல வந்து உக்காரு" என்றது குரல். உட்கார்ந்தாள். அதற்குமேல் அவர் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலையில் திரை வெள்ளையாக இருந்தது. பேத்தியின் பழைய நோட்டு ஒன்றில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் கமலவேணி தார் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கம்மா! செய்யாறு ரோட்டுல, பஸ் ஸ்டாண்டுலருந்து பத்தே நிமிசம், அருமையான வீட்டு மனைங்க..."

ராட்டை நின்றது. அவள் சிவராஜைப் பார்த்தாள். கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை தூக்கியிருந்தார். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். அவருடைய குரல் அவரிடமே தண்ணீர் வசதி, பட்டா, சுற்றுச்சுவர் எல்லாம் சொல்லிற்று. கூடுதல் விவரத்துக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது.

அவர் ஒன்றை அழுத்தினார்.

"சொல்லுங்க சார், நான் கிரேஸ் பேசறேன்" என்றாள் ஒரு சின்னப் பெண்.

சிவராஜின் உதடுகள் அசைந்தன. கழுத்து ஓட்டையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. "ஹலோ? சார்? கேக்குதா சார்?" கமலவேணி போனைப் பிடுங்கினாள்.

"யம்மா, இப்ப பேசிச்சே ஒரு குரல், அது என் வீட்டுக்காரரோடது. அவருக்குப் பேச்சு போயி வருசம் ஆவுது. அதை யாரு குடுத்தாங்க உங்களுக்கு?"

"அது கம்ப்யூட்டர் வாய்ஸ் மேடம். வெளியில ஒரு கம்பெனிகிட்ட வாங்குறாங்க."

"எந்தக் கம்பெனி?"

"எனக்குத் தெரியாதுமா, சத்தியமா தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லைன் ரெக்கார்ட் ஆவுதுமா, வெச்சிடறேன்."

கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் போனார்கள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "இது இவரோட குரல்தான்னு காட்டணும். ஒப்பிட்டுப் பாக்கப் பழைய பதிவு ஏதாவது இருக்குதாம்மா?" பஸ் ஸ்டாண்டில் பேசியதெல்லாம் காற்றோடு போனது. இளவரசி கல்யாண வீடியோவில் தொடக்கம் முதல் முடிவுவரை பாட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒழுங்கான பதிவு இருந்தது கம்பெனியிடம் மட்டும்தான். "அப்புறம் அந்த ஒப்பந்தம்... சம்மதம் யாரு குடுத்தது?"

"நான்தான்" என்றாள் கமலவேணி.

திரும்பி வரும் வழியில் சிவராஜ் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அழைப்பு வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது. அந்த நம்பர்களைப் பிளாக் செய்துவிடலாம் என்று இளவரசி சொன்னாள். சிவராஜ் நோட்டில் 'வேணாம்' என்று எழுதினார். அழைப்பு வந்தால் அவரே போனை எடுத்துக் காதில் வைத்து, கடைசிவரை கேட்டுவிட்டு வைக்கிறார். கமலவேணி அப்போது தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பூ வாங்கப் போயிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பழகிய பழைய டிரைவர் முருகேசன் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்து சிவராஜின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே! நேத்து போன்ல உங்க குரலைக் கேட்டேன்ணே. மனை விக்கறீங்களாமே? பேச்சே வராதுன்னு சொல்லிக்கினு இருந்தானுங்க. எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா!"

கழுத்தில் சுற்றியிருந்த துண்டைச் சிவராஜ் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கைகளைக் கூப்பி, சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினார்.