பத்தொன்பது நாள் முந்தி வந்த பண்டிகை

உலர்த்தும் இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்ட துண்டுகள் கைபொறுக்காத சூட்டில் இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் உதறி, மூன்றாக மடித்து, மேசை மேல் அடுக்கினாள். ஐம்பது சேர்ந்ததும் தள்ளுவண்டிக்கு மாற்ற வேண்டும். நாற்பத்தெட்டில் சூப்பர்வைசர் வந்து நின்றார். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தால் பெண்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"லீவு கேட்டியாமே?"

"ஆமா சார். இந்தத் தேதிக்கு." சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து நீட்டினாள்.

"மூணு மாசத்துக்கு ஒண்ணுதான், தெரியும்ல? இத எடுத்துட்டா அப்புறம் காய்ச்சல்னாலும் வந்து நிக்கணும்."

"தெரியும் சார்."

"என்ன விசேஷம்?"

"சும்மாதான் சார்."

அவள் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒருத்திக்குத்தான் லீவு. பண்டிகை என்று வாயைத் திறந்தால், கூடத்தில் தமிழ் பேசுகிற வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயம். அறையில் இருந்தவர்களிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்த ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குப் புதுசு என்று பெயர். வந்து நாலு மாதமாகிவிட்டது. ஆனாலும் அவளுக்குப் பின்னால் வேறு யாரும் வந்து சேராததால் அந்தப் பெயர் பழசாகவில்லை.

தேதி அவளுக்குச் சுவரிலிருந்து கிடைத்தது. அவள் படுக்கும் கட்டிலில் முன்பு படுத்திருந்தவள் ஒரு தமிழ்க் காலண்டரை ஆணியோடு விட்டுவிட்டுப் போயிருந்தாள். வந்த முதல் நாள், வாயில் நுழையாத எழுத்துகளையே பார்த்துக் களைத்துப்போய் அறைக்குள் வந்தவளுக்கு, நகைக்கடைப் பெயரைத் தமிழில் படித்ததும் யாரோ வாங்க என்று கூப்பிட்டதுபோல இருந்தது. வருஷா வருஷம் தேதி நகர்கிற அந்தப் பண்டிகையைப் போனவள் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். வேறு என்ன வேண்டும்? புதுசு தினமும் படுக்குமுன் வட்டத்துக்கு இன்னும் எத்தனை கட்டம் என்று விரலால் தொட்டு எண்ணுவாள்.

எண்ணக் காரணம் இருந்தது. ஊரில் ஆறு வயது மகள் அவளோடு பேசுவதில்லை. அழுது புரளும் என்று பயந்து, பிள்ளை தூங்கும்போதே கிளம்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து போனில் அம்மா என்று சொன்னாலே பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். திரையில் ஒரு பாவாடை விளிம்பும் ஒரு குதிகாலும் மட்டும் தெரியும். கணவன் கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான். கடைசியில் பிள்ளையே அவனிடம் ஒரு கணக்குச் சொன்னது: பண்டிகைக்கு எடுத்த புதுச்சட்டையை அன்று காலை குளித்ததும் அம்மா பார்க்க வேண்டும், முந்திக் காட்டாது. பார்த்தால்தான் போடும். போட்டால்தான் பேசும்.

"உன்ன மாதிரியேதான்," என்று கணவன் சொன்னான். "விட்டுக் குடுக்கறாளா பாரு."

லீவு நாளன்று அறையின் மற்ற மூன்று பேரும் விடியற்காலை வேனில் ஏறிப் போனபின் அவள் எழுந்தாள். குளியலறை வாசலில் வரிசை இல்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக, யாரும் கதவைத் தட்டாமல் தலைக்குக் குளித்தாள். பெட்டியின் அடியிலிருந்து மடிப்பு கலையாத பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினாள். பொதுச் சமையலறையில் ரவையை வறுத்து, சர்க்கரை போட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிளறினாள். பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த வேற்று நாட்டுப் பெண் சேலையைக் காட்டி ஏதோ கேட்டாள். புதுசு அவள் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தாள். அவள் வாயில் போட்டுக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினாள். அவ்வளவுதான் விருந்தாளி.

அறைக்கு வந்து, சுவரோரக் கொடியில் தொங்கிய உள்பாவாடைகள் திரையில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பொட்டைச் சரிசெய்துகொண்டு போனைப் போட்டாள்.

கணவன் எடுத்தான். நெற்றியில் கறுப்பு எண்ணெய்த் தடம். பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம். பட்டறையில் இருந்தான்.

"என்னங்க, இன்னைக்குக்கூடவா வேலை? பாப்பா எங்க?"

"ஸ்கூல்ல." அவன் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தான். "என்ன சேலையெல்லாம்? அங்க ஏதாவது கல்யாணமா?"

"விளையாடாதீங்க. பாப்பாவக் கூப்பிடுங்க."

"என்ன விளையாட்டு? ஸ்கூல்ல இருக்கிற புள்ளைய எங்கிருந்து கூப்பிடறது?"

"பண்டிகை அன்னைக்கு எந்த ஸ்கூல் வெக்கறாங்க?"

இரும்புச் சத்தம் நின்றது. பட்டறையில் இன்னொருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கணவன் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அதுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும்மா," என்றான் மெதுவாக.

அவள் திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். வட்டம் வட்டமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, நகைக்கடைப் பெயருக்கும் மேலே, இத்தனை நாளும் கண்ணில் படாத நாலு இலக்கம். போன வருஷம்.

"தேதிய ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பண்டிகை பண்டிகைன்னே பேசிட்டிருந்தியா, உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன். அதனாலென்ன, அன்னைக்கு இன்னொரு லீவு போட்டுக்கயேன்."

"அன்னைக்குக் காய்ச்சல்னாலும் போய் நிக்கணும்," என்றாள்.

சாயங்காலம் வேன் வந்தது. எட்டு மணி நேரம் நின்ற காலை நீட்டியபடி பெரியக்கா ரவை இனிப்பை வழித்துத் தின்றாள். அறையில் மூத்தவள், ஒன்பது வருஷமாக இங்கே இருப்பவள். விஷயத்தைக் கேட்டதும் புரையேறிவிட்டது.

"ஏண்டி, சொன்னா நான் அந்த லீவப் பிடுங்கிக்குவேன்னு பயந்தியா?"

புதுசு ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பிடுங்கியிருப்பேன், பொய் சொல்லுவானேன். ஆனா தேதியாச்சும் சரியாச் சொல்லியிருப்பேன்." கிண்ணத்தை விரலால் துடைத்தாள். "உனக்கு முன்னால இங்க படுத்தவ இருக்காளே, வட்டம் போட்டவ, அவளுக்கு லீவே கிடைக்கல. நீ பரவாயில்ல. நாள் தப்பானாலும் லீவுன்னு ஒண்ண எடுத்துட்ட. இனிமே இந்த ரூமுக்கு ரெண்டு பண்டிகை. நீ வெச்சது ஒண்ணு, ஊரு வெக்கறது ஒண்ணு."

மேல் கட்டிலில் படுத்திருந்தவள் எதுவும் புரியாமல் கடகடவென்று சிரித்தாள். அவள் வேறு நாடு, வேறு பாஷை. எதற்கும் சிரிப்பதால் அவளுக்குச் சிரிப்பு என்றே பெயர்.

மறுநாள் புதுசு கடிகாரத்திடம் போய் நின்றாள். பிள்ளை கதையை முழுவதும் சொன்னாள். பத்து நிமிஷம் போதும் என்றாள். ஊரில் பிள்ளை குளித்துத் தயாராகும் நேரம் இங்கே பத்து மணி. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவர்கள் பஸ் ஏறிப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மா பார்க்காத சட்டையை அந்தப் பிள்ளை போடாது.

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். "போன் உள்ள வரக்கூடாது. முன்ன ஒருத்தி கெஸ்டோட துணியப் போட்டோ எடுத்து அனுப்பிட்டா, அதுலேர்ந்து. மேல கேமராவ நான் பாக்கறதில்ல, ஆபீஸ்ல பாக்கறாங்க. மாட்டினா எச்சரிக்கை ஓலை. மூணு ஓலைன்னா ஊருக்கு டிக்கெட்."

"ஒரே ஒரு தடவை சார்."

"உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா. எல்லாருக்கும்தான் புள்ளைங்க இருக்கு." கொஞ்சம் தள்ளிப் போய், "எனக்கும் இருக்கு," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பத்தொன்பதாவது நாள் வந்தது. வேனில் புதுசு பெரியக்காவின் காதருகே சொன்னாள்: "பத்து மணிக்குப் பாத்ரூம் போறேன்னு போயிடறேன்க்கா."

"அங்க சிக்னல் கிடையாது. நான் அழுது பாத்தவ." பெரியக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். "போனைத் துண்டு மூட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வா. பத்துக்கு விரிப்பு மேசைக்கு வந்துரு."

"மாட்டினா உங்களுக்கும் ஓலைக்கா."

"எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ஒத்தையா இருந்து அதுக்கும் சலிச்சிருக்கும்."

விரிப்பு மேசை கூடத்தின் கடைசியில், சுவரை ஒட்டி. சூட்டு உருளையில் இஸ்திரியாகி வரும் பெரிய கட்டில் விரிப்புகளை ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, குழல்விளக்கின் வெளிச்சத்தில் கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு விரிப்புக்குப் பத்து விநாடி. கறை இருந்தால் திரும்ப ஊறல் தொட்டிக்கு. அன்று பெரியக்கா ஒரு பக்கமும் சிரிப்பு ஒரு பக்கமும் நின்றார்கள். சிரிப்புக்கு என்ன புரிந்ததோ, கேமராவைக் கண்ணால் காட்டி, பிள்ளை உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி, நெஞ்சில் தொட்டுக்கொண்டாள்.

பத்து அடித்ததும் ரெட்டைக் கட்டில் விரிப்பு மேலே போனது. கேமராவை மறைத்துத் திரைபோலத் தொங்கியது. அதற்கும் சுவருக்கும் நடுவில் புதுசு குந்தினாள்.

இரண்டாவது மணியில் கணவன் எடுத்தான். எதுவும் பேசாமல் போனைத் திருப்பினான். கட்டில் மேல் பிள்ளை நின்றிருந்தது. உள்சட்டை மட்டும் போட்டு, தலை ஈரம் சொட்ட, மஞ்சள் சட்டையைத் தோள்பட்டையில் பிடித்து முன்னால் தொங்கவிட்டிருந்தது. முகம் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

"பாப்பா," என்றாள். இயந்திரச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. வாயைப் போனில் ஒட்டிக்கொண்டாள். "நல்லாருக்குடா தங்கம். பின்னாடி காட்டு."

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. பிறகு சட்டையைத் திருப்பிக் காட்டியது. முதுகில் நாலு பித்தான்.

"யாரு போட்டு விடுவா?"

"நானே போடுவேன்." நாலு மாதத்துக்குப் பிறகு வந்த குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. சட்டைக்குள் தலையை விட்டது, கை மாறிப் போனது, அப்பா சரிசெய்ய வந்தபோது தட்டிவிட்டது. தலை வெளியே வந்ததும் திரையை உற்றுப் பார்த்தது.

"உன் புதுச்சட்ட எங்கம்மா?"

அவள் தன்னைக் குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறச் சட்டை. இடது மார்பில் கறுப்பு நூலில் தைத்த எண்.

"இதான். கம்பெனில குடுத்தது."

"அதுல நம்பர் போட்டிருக்கு." பிள்ளை கிட்டே வந்தது. திரை முழுக்க ஒரு கண்ணும் மூக்கும். "நாலு. ஒண்ணு. ஏழு." பின்னால் திரும்பி, "அப்பா, அம்மா நம்பர நானே படிச்சிட்டேன்," என்றது.

"சரியாப் படிச்சே," என்றாள். கன்னத்தில் வழிந்ததைச் சட்டைக் கையால் அழுத்தினாள். "இன்னொரு தடவை படி."

தலைக்கு மேலே விரிப்பு நடுங்கத் தொடங்கியிருந்தது. "சீக்கிரம்டி," என்றாள் பெரியக்கா உதடு பிரிக்காமல். "கை கழண்டு கீழ விழப்போகுது."

காலடிச் சத்தம் கேட்டது. விரிப்பின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே கடிகாரத்தின் பூட்ஸ் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்: விரிப்புக்குக் கீழே ஆறு பாதம். பிடித்திருப்பது ரெண்டு பேர்.

பூட்ஸ் நின்றது. புதுசு போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அதற்குள்ளிருந்து பிள்ளை நாலு, ஒண்ணு, ஏழு என்று பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கறையா?" என்று கேட்டார்.

"பாத்துட்டிருக்கோம் சார்," என்றாள் பெரியக்கா.

"நாலு நிமிஷத்துல தெரியாத கறை அப்புறம் தெரியாது," என்றார் கடிகாரம். பூட்ஸ் திரும்பி உருளைப் பக்கம் போனது. வேகமாகப் போகவில்லை.

"சாயங்காலம் பேசறியா பாப்பா?" என்றாள் புதுசு. "அம்மா ரூமுக்குப் போனதும்."

"ம்," என்றது பிள்ளை. "நீ போட்டாப் பேசறேன். கதவுக்குப் பின்னால போக மாட்டேன்."

விரிப்பு இறங்கியது. பெரியக்கா தோளைப் பிடித்துக்கொண்டு முனகினாள். புதுசு போனைத் துண்டு மூட்டைக்குள் செருகப் போனாள். சிரிப்பு பக்கத்தில் நின்று அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எண்ணை அழுத்துவதுபோலத் தன் உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினாள்.

புதுசு பெரியக்காவைப் பார்த்தாள்.

"என்னைப் பாத்தா? கை போனாப் போகுது, தூக்கு," என்றாள் பெரியக்கா.

அடுத்த விரிப்பு மேலே போனது. சிரிப்பு நின்றிருந்த முனையைப் புதுசு பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து அவளுக்குத் தெரியாத பாஷையில் ஒரு பெயர் மூன்று தடவை கேட்டது. மூன்றாவது தடவை உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் பதில் சொன்னது. புதுசு கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, தும்பைப்பூ மாதிரி வெளுத்திருந்த விரிப்பில் கறை தேடிக்கொண்டு நின்றாள்.