சாய்ந்தால் சரித்திரம்

மனித நாகரிகத்தின் உச்சி ஜெர்மனியில் உள்ள ஒரு சின்னக் கிராமம்தான் என்பது 1969-ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூட ஹாலில், ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்டது. நிரூபித்தவர் பட்டுக்கடை நமச்சிவாயம். ஆதாரம் இருபத்துநாலு சிலைடுகள். அவற்றில் மூன்று தலைகீழாக விழுந்தன.

நமச்சிவாயம் கைத்தறிக் கண்காட்சி ஒன்றுக்காகப் பதினெட்டு நாள் மேற்கு ஜெர்மனிக்குப் போய் வந்தவர். போகும்போது நகர அழகுக் குழுவின் தலைவர். வந்த பிறகு அந்தப் பதவி அவருக்குச் சின்னதாகிவிட்டது. காஞ்சிபுரத்துப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் மேடையில் நின்றார்.

மூன்றாவது வரிசையில் கங்கையம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஜெர்மனியைப் பார்க்க அவள் வரவில்லை. அவள் முந்தானை முடிச்சில் அழகுக் குழுவின் நோட்டீஸ் ஒன்று இருந்தது. 'மரமும் மண்ணும் கொண்டு கட்டப்பட்டு, தெருப்பக்கம் சாய்ந்து, நகரின் அழகைக் கெடுக்கும் மாவு மில்லை முப்பது நாளில் இடித்து அகற்றவும்.' கீழே நமச்சிவாயத்தின் கையெழுத்து, வால் நீட்டி.

மில் அவள் மாமனார் கட்டியது. தேக்குத் தூண்கள், குறுக்கே சட்டங்கள், இடையில் மண்சுவர், மேலே சுண்ணாம்பு. அவள் கல்யாணமாகி வந்த அன்றே அது சாய்ந்துதான் இருந்தது. புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு போடுவதும் அதுதான்.

"இப்ப பாருங்க!" என்றார் நமச்சிவாயம். திரையில் ஒரு வீடு விழுந்தது. வெள்ளைச் சுவர் முழுக்கக் கறுப்பு மரச்சட்டங்கள், நேராகவும் குறுக்காகவும். "நானூறு வருஷத்து வீடு! மரத்தை நட்டு, நடுவுல மண்ணையும் வைக்கோலையும் குழைச்சி அப்பியிருக்கான். இன்னிக்கும் ஒரு ஆணியைப் பிடுங்க மாட்டான். நம்ம ஜனங்களுக்கு அந்த அறிவு இருக்குதா?"

ஜனங்கள் அறிவில்லாமல் தலையாட்டினார்கள்.

அடுத்த படத்தில் வானம் கீழேயும் புல் மேலேயும் இருந்தன. நமச்சிவாயம் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "இது ஆத்துத் தண்ணியில தெரியிற நிழல்" என்று விளக்கினார்.

சிலைடு போட்டுக்கொண்டிருந்த இளங்கோவன், "சார், நான்தான் தலைகீழா சொருவிட்டேன்" என்று சொல்லி, எடுத்துத் திருப்பிப் போட்டான். பெரிய சக்கரம் வைத்த ஒரு கட்டடம் நேராக நின்றது. நேராக என்றால் முழுக்க நேராக இல்லை.

"இது மில்லு. தண்ணியில ஓடுற மாவு மில்லு!"

கங்கையம்மாள் எழுந்தாள். "ஏங்க ஐயா, இந்த மில்லு சொவரு எதுல கட்டுனது?"

"அதான் சொன்னேனேம்மா. மரமும் மண்ணும்."

"ஒரு பக்கமா சாஞ்சிக்கினு இருக்குதே?"

"அதெல்லாம் சரித்திரம்மா. உனக்குப் புரியாது."

"எனக்கு நல்லா புரியிது. அவனுது சாஞ்சா சரித்திரம், என்னுது சாஞ்சா நோட்டீஸா?" முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தை உயர்த்திக் காட்டினாள். "இது உன் கையெழுத்துதானே?"

ஐயா என்பது உன் ஆகிவிட்டதை ஹால் கவனித்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"அது ஜெர்மனி மரம்மா…"

"என்னுது பர்மாத் தேக்கு! சரி, நீ பாத்த மில்லுல மொளகா அரைச்சதும் கல்லுல இன்னா போட்டு ஓட்டுறான்? நான் ஒரு படி நொய்யைப் போட்டு ஓட்டுறேன், அடுத்தவங்க மாவு காரமாவக் கூடாதுன்னு. அவன் இன்னா போடுறான்? உள்ள போயிப் பாத்தியா, இல்லியா?"

"அங்க மொளகாயே கிடையாதும்மா" என்றார் நமச்சிவாயம், கோட்டுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. சிரிப்பு அடங்கவில்லை. அடக்க வழி தெரியாமல், கங்கையம்மாளின் மில்லை நகரின் பாரம்பரியச் சின்னமாக அப்போதே அறிவித்தார். நோட்டீஸ் ரத்து. கைதட்டினார்கள். கங்கையம்மாளும் தட்டினாள்.

திங்கட்கிழமை காலை, குழுவின் பியூன் வீரபாகு நீலப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து மில் வாசலில் அடித்தான். 'பாரம்பரியச் சின்னம்.' கூடவே ஒரு கடிதம். அவனே படித்தான்: "இயந்திர அதிர்வால் சரித்திரச் சுவர்களுக்குச் சேதம் நேரும். ஆகையால் மோட்டாரை இன்று முதல் ஓட்டக் கூடாது."

"மில்லை வச்சிக்கினு அரைக்கக் கூடாதா?"

"அப்படித்தான் போட்டிருக்குதும்மா."

"அப்புறம் நான் இன்னா செய்யணுமாம்? வாசல்ல நின்னு போறவங்களுக்கு வெறுஞ்சொவரைக் காட்டணுமா? இடிக்கிறேன்னு சொன்னப்பவாவது முப்பது நாள் குடுத்தான்பா. காப்பாத்துறேன்னு சொல்லி இன்னிக்கே வாயில மண்ணு போடுறான்!" அவள் சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் முனகி நின்றது. வரிசையில் தகரமும் தூக்குமாக நின்ற பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

கல்லில் பாதி அரைபட்டுக் கிடந்த மிளகாய், வரிசையில் முதலில் நின்ற நமச்சிவாயத்தின் மனைவி காந்தாவுடையது. காந்தா பாதியில் நின்ற மிளகாயைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கடிதத்தை வீரபாகு கையிலிருந்து பிடுங்கினாள்.

"சுவிட்சைப் போடு அக்கா. அந்த ஆளு வந்தா எங்கிட்ட அனுப்பு."

"அவரு சரித்திரம்னு எழுதியிருக்காரேம்மா" என்றாள் கங்கையம்மாள்.

"அவரு சரித்திரத்தைப் பாத்தாரு! இருபத்துநாலு படம் காட்டினாரே, ஒண்ணுலயாவது அவரு மூஞ்சி இருந்துதா?"

வரிசை யோசித்தது. இல்லை.

"போன ரெண்டாம் நாளே வயித்தால போவ ஆரம்பிச்சிது. ஓட்டலை விட்டு ஊரு பாக்கப் போவலை, கண்காட்சிக்கே போவலை. படமெல்லாம் ஓட்டலு வாசல் கடையில வாங்கினது."

கங்கையம்மாள் சுவிட்சைப் போட்டாள். சுவர் வழக்கம்போல அதிர்ந்தது. கடிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் காந்தா கொஞ்சம் மிளகாய்த்தூளை அதில் அள்ளி, காரம் பார்க்கச் சொல்லி வீரபாகுவிடம் நீட்டினாள். பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவர் அடுத்த குழுக் கூட்டத்துக்கே வரவில்லை.

நமச்சிவாயம் அந்தக் கிராமத்தை முதன்முதலாகப் பார்த்தது பள்ளிக்கூட ஹாலில், மற்ற எல்லோரோடும் சேர்ந்துதான்.